கொதிக்க வைக்கக் கூடாத கல்

எங்கள் ஊர் குடிகாட்டுக்கு வெளியூர்க்காரர்கள் லேசில் பெண் கொடுப்பதில்லை. காரணம் காற்று. ஊரை ஒட்டி ரசாயனக் கம்பெனிகள் வரிசையாக நிற்கின்றன. காற்று திரும்பும் நாட்களில் சில சமயம் அழுகிய முட்டைக்கோஸ் வாசம் வரும், சில சமயம் நகப்பூச்சு, சில சமயம் இந்தப் பூமியில் இன்னும் காய்க்காத ஏதோ ஒரு பழம். நடக்கப் பழகும் முன்பே நாங்கள் பழகிக்கொள்வது ஒன்றுதான்: வாசம் வந்தால் ஜன்னலைச் சாத்து.

என் அண்ணன் செந்தமிழ்செல்வனுக்கு நான்கு வரன்கள் இந்தக் காற்றில் பறந்துவிட்டன. நான்காவது வீட்டார் ஊர் எல்லையில் காரை நிறுத்தி, கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி, உடனே ஏற்றிக்கொண்டு திரும்பிவிட்டதாக டீக்கடைக்காரர் சாட்சி சொன்னார். எங்களிடம் போனில், "ஜாதகம் பொருந்தலைங்க" என்றார்கள். நாங்கள் ஜாதகம் கொடுக்கவே இல்லை.

அண்ணன் அந்தக் கம்பெனிகளில் ஒன்றில்தான் சேஃப்டி சூப்பர்வைசர். பகல் முழுக்க மற்றவர்கள் தலையில் ஹெல்மெட் இருக்கிறதா என்று பார்ப்பான். மீதி நேரம் ஹாலில் வைத்திருக்கும் கடலைப் பார்ப்பான். நாலடிக் கண்ணாடித் தொட்டி, உப்புத் தண்ணீர், நீல விளக்கு, இரண்டு கோமாளி மீன்கள், கற்களின் மேல் உயிரோடு விரிந்து சுருங்கும் பவளங்கள். சட்டைப் பொத்தான் அளவில் பச்சையும் ஆரஞ்சுமாகப் பூத்துக் கிடக்கும் ஒரு வகைக்கு ஜோவா என்று பெயர். விளக்கை அணைத்ததும் அவை ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும். ஒரு ஊரே கடையடைப்பது போலிருக்கும்.

"சிலதுல விஷம் இருக்கு. தொடாதீங்க," என்பான். பம்பையும் தொடாதே என்பான், விளக்கையும் தொடாதே என்பான், உப்பு டப்பாவையும் தொடாதே என்பான். ஆகவே விஷத்துக்கென்று எங்களிடம் தனி மரியாதை எதுவும் மிச்சமில்லை.

ஐந்தாவது வரன் சிதம்பரம். பெண் அனுப்பிரியா. புவனகிரியில் வேளாண்மை அலுவலகத்தில் வேலை. பூச்சிமருந்துக் கடைகளைச் சோதனை போடுவது அவள் பொறுப்பு. பெண் பார்க்கப் போனபோது அவர்கள் வீட்டு மொட்டைமாடியில் இருவரையும் தனியே பேச விட்டார்கள். பின்னால் கோபுரம், மேலே புறாக்கள், எல்லாம் சினிமாக்காரன் வாடகைக்கு எடுத்துக் கொடுத்தது போல அமைந்திருந்தது. எங்கள் அண்ணன் ஜோவாவுக்கு வாய் எங்கே இருக்கிறது என்று அவளுக்கு விளக்கிவிட்டு இறங்கி வந்தான்.

"முடிஞ்சுது," என்றார் கொளஞ்சியப்பன் மாமா. அம்மாவின் தம்பி. அப்பா இல்லாத எங்கள் வீட்டில் பெரிய மனிதர் உத்தியோகம் பார்ப்பவர்.

முடியவில்லை. மாப்பிள்ளை வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பெண்ணின் அப்பா சுப்பிரமணியன் போன் செய்தார். பெண்ணும் வருகிறாளாம்.

"பொண்ணு எதுக்குடா வருது? வழக்கமில்லியே," என்றாள் அம்மா.

"மோந்து பாக்கத்தான்க்கா."

அண்ணன் அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. வானிலை ஆப்பைத் திறந்து திறந்து காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்தான். இதுவும் போனால் இனிமேல் பெண்ணே பார்க்க வேண்டாம் என்று என்னிடம் மட்டும் சொன்னான்.

ஞாயிறு காலை காற்று கடலிலிருந்து வந்தது. அவ்வளவு சுத்தமான காற்றை எங்கள் தெரு பார்த்து நாளாயிற்று. குறை தொட்டியில்தான் இருந்தது. முந்தின சாயங்காலம் அண்ணன் ரப்பர் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு ஒரு கல்லை வெளியே எடுத்திருந்தான். அதன்மேல் பழுப்பு நிற ஜோவா ஒன்று பாய் விரித்தது போலப் படர்ந்து பக்கத்திலிருந்ததையெல்லாம் அமுக்கிக்கொண்டிருந்தது. கல்லை உப்புத் தண்ணீரோடு ஒரு பக்கெட்டில் போட்டுத் தோட்டத்துப் பக்கம் வைத்து, "நாளைக்கு பிளீச் ஊத்திக் கொல்லணும். தொடாதீங்க," என்றான். காலையில் சந்தோஷத்தில் அதை மறந்தே போனான். மாமா வாங்கி வந்த ஜாங்கிரியில் எறும்பு ஏறிவிட்டதால் வேறு வாங்க மஞ்சக்குப்பம் போய்விட்டான்.

அம்மா தொட்டியைப் பார்த்தாள். கல் இருந்த இடம் முன்பல் விழுந்த வாய் போலத் தெரிந்தது.

"வர்றவங்க மொத அதத்தான் பாப்பாங்க. அந்தக் கல்லச் சுத்தம் பண்ணி வச்சிட்டா என்னா?"

"தொடாதன்னான்ம்மா."

"நான் எங்கடி தொடப்போறேன்? வெந்நீருதான் தொடப்போவுது."

அம்மாவுக்கு வெந்நீர்மேல் இருக்கும் பக்தி குலதெய்வத்தின்மேல்கூடக் கிடையாது. பக்கெட்டை அப்படியே அண்டாவில் கவிழ்த்தாள். ஒரு பிடி சோடா உப்பு போட்டாள். அடுப்பைப் பெரிதாக வைத்து மூடினாள். அதற்குள் வாசலில் கார் சத்தம் கேட்டது.

அப்பாவும் மகளும் மட்டும் வந்திருந்தார்கள். சுப்பிரமணியன் வாசற்படியில் நின்று, குற்றம் நடந்த இடத்துக்கு வந்த மோப்ப நாய் போல மூக்கை இரண்டு பக்கமும் திருப்பினார்.

"சும்மா சொல்லக் கூடாதுங்க. காத்து நல்லாத்தான் இருக்கு."

"நாத்தங்கறதெல்லாம் டிவிக்காரன் கெளப்பி வுட்டதுங்க," என்றார் மாமா. "எனக்கு அம்பத்தஞ்சு வயசாவுது. இந்த ஊர்ல ஒரு தும்மல் தும்மியிருப்பனா?"

அனுப்பிரியா தொட்டிக்கு முன்னால் குனிந்து நின்றாள். "இதுக்கு வாய் எங்கன்னு சொன்னாரே, நடுவுலதான?" என்று என்னிடம் கேட்டாள். எனக்கு அவளை உடனே பிடித்துப்போயிற்று. அம்மா நடுவில் எழுந்துபோய், அண்டாவின் மூடியைத் திறந்து கரண்டியால் ஒரு சுரண்டு சுரண்டிவிட்டு, மூடாமலே திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

முதலில் மாமா தும்மினார். அப்புறம் இருமினார். சுப்பிரமணியன் தண்ணீர் கேட்டார். எனக்கு நாக்கில் பழைய செப்புக் காசை வைத்தது போல ஒரு கசப்பு. கண் எரிந்தது. அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

மாமாவுக்கு உண்மை புரிந்துவிட்டது. அதாவது, எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த அந்த ஒரே உண்மை.

"கம்பெனிக்காரன் வுட்டுட்டான்! ஜன்னலச் சாத்து!"

நானும் அம்மாவும் எட்டுத் திசைக்கும் ஓடினோம். கம்பெனிக்கு எதிராக எங்கள் குடும்பம் அவ்வளவு ஒற்றுமையாக இயங்கியதே இல்லை. ஜன்னல்கள் மூடின. கதவு மூடியது. கதவிடுக்கில் மாமா தன் புதுத் துண்டைத் திணித்தார். வாசல் பக்கம் கடைசி ஜன்னலை அடைக்கும் முன், "காஸ் வுட்டுட்டான்யா!" என்று தெருவுக்கும் ஒரு குரல் கொடுத்தார். இருமல் ஜாஸ்தியானது.

"இந்த ஊர்லதான் எம்பொண்ணு குப்ப கொட்டணுமா?" என்று இருமலுக்கு நடுவே கேட்டார் சுப்பிரமணியன்.

அனுப்பிரியா எழுந்து கதவுக்குப் போனாள்.

"அம்மாடி, தொறக்காத! அடிச்சிடும்!" என்று மாமா கத்தினார்.

"நான் வந்ததே அது எப்பிடி இருக்கும்னு பாக்கத்தான்," என்று சொல்லி, துண்டைக் காலால் தள்ளிவிட்டுத் தாழ்ப்பாளைத் திறந்து வெளியே போனாள். வாசலில் நின்று கண்ணை மூடி ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள். இன்னொன்று இழுத்தாள். பிறகு திரும்பினாள்.

"வெளிய ஒண்ணுமே இல்ல. உள்ளதான் இருக்கு."

நான் வெளியே ஓடினேன். எதிர்வீட்டுத் தில்லையம்மாள் அத்தை வாசலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பூனை, உலகத்தில் எந்தப் பிரச்சினையும் இல்லாத முகத்தோடு உட்கார்ந்திருந்தது.

"அத்த, காத்து அடிக்குதா?"

"கடக்காத்துதான்டி அடிக்குது, சொகமா. உங்க மாமன் ஏன் கத்துறான்?"

திரும்பிப் பார்த்தேன். திறந்த கதவு வழியே விழுந்த வெயிலில், சமையலறையிலிருந்து வெள்ளையாக, சோம்பேறித்தனமாக, ஆவி ஹாலுக்குள் நடந்து வந்துகொண்டிருந்தது. அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"ண்ணா, அந்தக் கல்ல அம்மா வேகவச்சிட்டாங்க."

"எந்தக் கல்ல?" என்றான். அப்புறம், "வெளில போங்க. எல்லாரும். இப்பவே."

"அடுப்ப அணைச்சிட்டு—"

"உள்ள போவாத! அந்த ஆவிதான் விஷம். சிலிண்டர் வெளில தான இருக்கு, சுத்திப் போயி அதத் திருவு."

திருகினேன். வாசலுக்கு வந்தால் மாமாவும் சுப்பிரமணியனும் வெளியே நின்றிருந்தார்கள். அம்மா மட்டும் உள்ளே. வந்தவர்களுக்குக் காபி கொடுக்காமல் எப்படி வருவது என்று உள்ளேயிருந்து இருமலோடு சத்தம் வந்தது. நாங்கள் கூப்பிட்டதெல்லாம் அவள் காதில் விழவில்லை.

அனுப்பிரியா வாசலிலிருந்து கூவினாள்: "அம்மா! எங்கப்பா மயங்கி வுழுந்துட்டாரு!"

நல்ல திடமாக நின்றுகொண்டிருந்த சுப்பிரமணியன், மகளை ஒருமுறை பார்த்துவிட்டு, மரியாதையாகத் தரையில் உட்கார்ந்தார். அம்மா அலறிக்கொண்டு ஓடி வந்தாள்.

அண்ணன் பைக்கில் வந்து சேர்ந்தபோது எங்கள் ஐந்து பேருக்கும் உடம்பு நடுங்க ஆரம்பித்திருந்தது. சுப்பிரமணியனின் காரில் எங்களை அடைத்து, கண்ணாடியெல்லாம் இறக்கிவிட்டு, அவனே ஓட்டினான். மெயின் ரோட்டைத் தொடும் முன்பே கார் நின்றது. மாமாவின் ஒரு குரலை நம்பி ஊர் அங்கே சாலை மறியலில் உட்கார்ந்திருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள்கூட வந்துவிட்டன.

"பாதிக்கப்பட்ட மக்களுக்கு நீதி வேணும்!" என்று முன்னால் நின்ற, எல்லாத் தேர்தலிலும் நிற்கிற ராஜாமணி அண்ணன் முழங்கினார்.

"நாங்கதான்யா அந்த மக்கள்! வழி வுடுங்க!" என்று மாமா ஜன்னல் வழியே கத்தினார்.

கூட்டம் காரைச் சூழ்ந்தது. ராஜாமணி உள்ளே குனிந்து எங்களைப் பார்த்துக் கண் கலங்கினார். "செல்வம், எந்தக் கம்பெனிடா? சொல்லு. உங்க கம்பெனியா? பயப்படாதடா, ஊரே உன் பின்னாடி நிக்குது."

பின்சீட்டிலிருந்து அம்மா அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்து, காதுக்குள் சொன்னாள்: "கம்பெனின்னே இருக்கட்டும்டா. யாருக்குத் தெரியப்போவுது? கல்யாணம் நின்னுடும்டா."

அவள் காதுக்குள் சொன்னது காருக்குள் எல்லோருக்கும் கேட்டது. அனுப்பிரியா முன்சீட்டில் அப்பாவோடு நெருக்கி உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்தபடி அண்ணனையே பார்த்தாள்.

அண்ணன் ஸ்டியரிங்கைப் பார்த்தான். கம்பெனிகள் இத்தனை வருஷம் எங்களுக்குச் செய்ததற்கு இந்த ஒரு பொய் ஈடாகாது என்று எனக்கே தோன்றியது. அவன் தலையை வெளியே நீட்டினான்.

"கம்பெனி இல்லண்ணா. எங்க வீட்டுல. நான் வளக்குற பவளம். விஷம். தெரியாம வேகவச்சிட்டாங்க. தப்பு என்னுது. வழி வுடுங்க."

தூக்கிய முஷ்டிகள் ஒவ்வொன்றாக இறங்கின.

"கல்லயாடா வேகவச்சீங்க?" என்றார் ராஜாமணி. அவர் முகத்தில் அவ்வளவு ஏமாற்றத்தை நான் தேர்தல் முடிவு நாளன்றுகூடப் பார்த்ததில்லை. நாற்காலிகள் ஒவ்வொன்றாக எழுந்து வழிவிட்டன.

மஞ்சக்குப்பத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. டாக்டருக்கு அந்த விஷத்தின் பெயர் புதிது. அண்ணன் எழுதிக் காட்டினான். அவர் போனில் படித்துவிட்டு, கடித்த பாம்பையும் கையோடு கொண்டு வந்தவர்களைப் பார்ப்பது போல எங்களைப் பார்த்தார். "நல்லவேள, என்னன்னு சொன்னீங்க. இதுக்கு முறிமருந்து கெடையாது. மூச்சு சிரமம் ஆவாமப் பாத்துக்கணும். நாளைக்கி வரைக்கும் யாரும் நகரக் கூடாது," என்றார். ஐந்து கட்டில், ஐந்து மூக்குக்கு ஐந்து ஆக்சிஜன் மூடி. நடுவில் ஒரு பச்சைத் திரையை இழுத்துவிட்டுச் சுப்பிரமணியன் அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டார். எதையும் திரைக்குப் பின்னால் வைத்துக்கொள்வது சிதம்பரத்துக்காரர்களுக்கு ரத்தத்தில் ஊறியது.

"இந்தச் சம்பந்தம் வாணாம்," என்று திரை பேசியது. "வெசத்த நடுவீட்டுல வச்சிப் பூச பண்ற குடும்பம்."

அண்ணன் அனுப்பிரியாவின் கட்டில் அருகே நின்றான். அவள் மூடியைத் தூக்கிவிட்டுக் கேட்டாள்.

"நீங்க கல்ல எடுக்கறப்ப கையுறை போட்டீங்களா?"

"போட்டேன். கண்ணாடியும் போட்டேன்."

"அப்ப உங்களுக்கு மட்டும் தெரியும். பூச்சிமருந்து டப்பாவுல மண்டையோடு படம் போட்டிருப்பான். உங்க பக்கெட்டுல என்ன போட்டிருந்தீங்க?"

"ஒண்ணும் போடல."

"மூடி?"

"இல்ல."

"இப்பிடி வச்சிருந்தா ஒரு கடைக்காரன நான் என்ன பண்ணுவேன் தெரியுமா? சீல் வச்சிட்டுப் போயிட்டே இருப்பேன்." மூச்சு வாங்கியது. மூடியைப் போட்டு இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு மறுபடி தூக்கினாள். "நீங்கல்லாம் அடுத்தவன் தலையில ஹெல்மெட் மாட்டுற ஆளு."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். "தொட்டிய எடுத்துடறேன்."

"யாரு எடுக்கச் சொன்னா?"

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து கனைப்பு வந்தது. சுப்பிரமணியனுக்குக் கழிப்பறை போக வேண்டும். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. நர்ஸ் எங்களை வரிசையாகப் பார்த்தாள். அந்த அறையில் காலூன்றி நிற்கக்கூடியவன் ஒருத்தன்தான். "அட்டெண்டர் நீங்கதான? பாட்டில எடுத்துக்கிட்டுக் கூடப் போங்க."

இருவரும் போனார்கள். கதவு பாதி சாத்தியிருந்தது. வெளியே அண்ணனின் முதுகும், தூக்கிய ஒரு கையும் தெரிந்தன. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தம்பி, எறக்காதீங்க. ட்யூபுல ரத்தம் ஏறுது பாருங்க."

கை உயர்ந்தது.

"இன்னும். ஐயய்யோ, மாப்ள! மேல தூக்குங்க மாப்ள!"

அறையில் இருமல்கூட நின்றுபோனது. மாமா மூடிக்குள் சிரித்தது ஆவியாகத் தெரிந்தது. சுப்பிரமணியன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, யாரையும் பார்க்காமல், "அது அவசரத்துல வந்த வார்த்த. சம்மதம்னு எடுத்துக்காதீங்க," என்று சொல்லிக் கட்டிலில் ஏறினார்.

"நீங்க படுங்கப்பா. அவருகிட்ட நான் பேசிக்கறேன்." அனுப்பிரியா அண்ணனைக் கையசைத்துக் கூப்பிட்டாள். "தொட்டி இருக்கட்டும். நான் தெனம் விஷத்தோடதான் வேல பாக்கறேன். ஆனா அதுக்குன்னு ஒரு அலமாரி, ஒரு பூட்டு. சாவி எங்கிட்டதான் இருக்கும். அத்தைக்குக்கூடக் குடுக்க மாட்டேன்."

அந்த 'அத்தை' அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. மூடியைக் கழற்றி ஏதோ சொல்லப் போனவளை நர்ஸ் அதட்டி மறுபடி மாட்டினாள்.

அண்ணனுக்கு விஷயம் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல், "உங்களுக்குச் சாப்பிட என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்று கேட்டான்.

"நாலு இட்லி. போறதுக்கு முன்னாடி கையக் கழுவுங்க. எங்க அப்பாவக் கழிப்பறைக்குக் கூட்டிட்டுப் போன கை."

அவன் மூலையிலிருந்த குழாயைத் திறந்து, இரண்டு கைக்கும் முழங்கை வரை சோப்புப் போட்டான். கழுவினான். மறுபடி போட்டான். நர்ஸ் வந்து குழாயை மூடும்வரை அவன் நிறுத்தவில்லை.