உலகம்மையின் எடை

உலகம்மைக்கு இரண்டாவது பிறந்தநாள் வர இன்னும் பதினெட்டு நாள் இருந்த ஒரு காலையில், அவளுடைய அப்பா மணிகண்டபிரபுவால் அவளைத் தரையிலிருந்து தூக்க முடியவில்லை. குழந்தை பத்தரைக் கிலோ. அங்கன்வாடித் தராசும் அரிசிக்கடைத் தராசும் இதில் ஒத்துப்போயின. ஆனால் மனதில் எதையாவது மறைத்து வைத்திருப்பவர் தூக்கினால் அவள் கனத்துப்போவாள். சின்ன மறைப்புக்கு ஒரு குடம் தண்ணீர் அளவு, பெரிய மறைப்புக்குச் சிமெண்டு மூட்டை அளவு. குத்துக்கல்வலசையில் அந்தத் தெருவுக்கு இது ஒரு வருஷமாகத் தெரியும்.

முதலில் அகப்பட்டவர் மனைத் தரகர் மந்திரமூர்த்தி. பதினோரு மாதக் குழந்தையைத் தொட்டிலிலிருந்து கொஞ்சி எடுத்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் ரோட்டோரம் என்று சொல்லி விற்றுக்கொண்டிருந்த மனைகளில் ஐப்பசி மாதம் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் என்பது அதே வாரத்தில் வெளியே வந்தது. பிள்ளைக்கு ஏதோ வியாதி என்று பயந்து பாளையங்கோட்டை வரைக்கும் கொண்டுபோனார்கள். ரத்தம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். நர்ஸ் இரண்டு முறை முயன்று தோற்றதைப் பார்த்துக்கொண்டிருந்த அவர், தான் தூக்கிப் பார்க்க விரும்பவில்லை. பக்கத்து வீட்டுக் கிருபா ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து தூக்கினால் குழந்தை பஞ்சுபோல இருப்பாள், புதன்கிழமைக்குள் கனத்துவிடுவாள். கிருபாவின் கணவர் கிங்ஸ்லி ஸ்கூல் வேன் ஓட்டுபவர். உலகம்மை தவழ்ந்து வரும்போதெல்லாம் அவர் கையில் ஏதாவது ஒரு சாமான் இருக்கும்படி பார்த்துக்கொண்டார். அம்மா சுகந்தி மட்டும் பிள்ளையை எந்நேரமும் இடுப்பில் வைத்திருந்தாள். மருந்துக்கடை வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அப்படித்தான். அவளிடம் ஒளிவுமறைவே கிடையாது என்று தெருவில் சொன்னார்கள்.

முதல் பிறந்தநாளைக் காய்ச்சலில் விட்டுவிட்டதால் இதைச் சின்னதாகவாவது செய்துவிட வேண்டும் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். ஒரு கிலோ கேக், மிக்சர், லட்டு, கேசரி. இருபத்திரண்டு பேர் பெயரை எழுதினார்கள். போன் போடப் போட ஆட்கள் குறைந்தார்கள். எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: கேக் வெட்டும்போது பிள்ளையை யார் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்கள்? கடையத்துச் சித்தப்பாவுக்கு முட்டுவலி வந்தது. மணிகண்டபிரபுவின் தங்கைக்கு அதே நாளில் வேறொரு வீட்டுக் காதுகுத்து வந்தது. வரமாட்டேன் என்றவர்களைச் சுகந்தி சந்தேகப்பட்டாள். வருகிறேன் என்று உடனே சொன்னவர்களை இன்னும் கூடுதலாகச் சந்தேகப்பட்டாள். கடைசியில் ஒன்பது பேர் மிஞ்சினார்கள்.

இந்த நேரத்தில்தான் பிரபு குனிந்து, குழந்தையின் அக்குளில் கை கொடுத்து, முகம் சிவக்க முக்கிவிட்டு நிமிர்ந்தான். அடுப்படி வாசலில் சுகந்தி நின்றுகொண்டிருந்தாள்.

“என்னத்த மறைக்கிய?”

“ஒண்ணுமில்லட்டி. நேத்து லாட்ஜ்ல மெத்தை தூக்குனேன்லா, முதுகு பிடிச்சிருக்கு.”

அவன் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர். சீசன் தொடங்கி, அருவியில் தண்ணீர் விழுந்து, அறைகள் நிரம்பியிருந்த நாட்கள். மெத்தை தூக்க அங்கே நாலு பேர் இருக்கிறார்கள் என்பது சுகந்திக்குத் தெரியும். அவள் வந்து மகளை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து அவனுடைய சட்டைகளை முகர்ந்து பார்த்துத் துவைத்தாள். போனில் அவன் சிரித்தால் எந்தப் பக்கம் திரும்பிச் சிரிக்கிறான் என்று கவனித்தாள். வண்டியின் கிலோமீட்டரைத் தினமும் குறித்து வைத்தாள். குற்றாலம் போய் வர ஆகும் தூரம் எல்லா நாளும் ஒன்றுதான். வியாழக்கிழமை மட்டும் நாற்பது கிலோமீட்டர் கூடுதலாக ஓடியிருந்தது. இரண்டு வியாழனும் அப்படியே. பலூன் வாங்கினார்கள், கேக்கில் எழுத வேண்டிய பெயரைப் பேக்கரியில் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள், ஒரே வண்டியில் திரும்பி வந்தார்கள். இறங்கியதும் சுகந்தி கிலோமீட்டரைப் பார்த்துக்கொண்டாள்.

கிருபாதான் மதில் ஓரமாக வந்து சொன்னாள். “அக்கா, தப்பா நெனைக்காதிய. எங்க வீட்டுக்காரரு போன வியாழக்கிழமை கீழப்பாவூர்ல அண்ணன் வண்டியப் பாத்தாராம். ஒரு பை நெறய ரம்புட்டான் பழம் தொங்குச்சாம்.”

அந்தச் சீசனில் சுகந்தியின் வீட்டுக்கு ஒரு ரம்புட்டான் பழம்கூட வந்திருக்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை குழந்தையைக் கிருபாவிடம் விட்டுவிட்டுச் சுரண்டை பஸ் ஏறிக் கீழப்பாவூரில் இறங்கினாள். ஜூஸ் கடையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிரபுவின் வண்டி கடந்ததும் ஒரு ஆட்டோவைப் பிடித்துப் பின்னால் போகச் சொன்னாள். வண்டி வீரகேரளம்புதூருக்குள் நுழைந்து தாலுகா ஆபீஸ் இருக்கும் தெருவில் திரும்பியதும் ஆட்டோவைத் தள்ளியே நிறுத்தச் சொன்னாள். பிரபு இறங்கியது ஒரு இ-சேவை மையத்தின் முன்னால். அதை நடத்துவது சுகந்தியின் சொந்த அக்கா ஸ்ரீதேவி. அக்காவும் தங்கையும் பேசி இரண்டு வருஷம் ஆகப்போகிறது.

ஆட்டோவுக்குள் இருந்தபடியே பார்த்தாள். பிரபு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ கெஞ்சினான். ஸ்ரீதேவி தலையை ஆட்டி மறுத்தாள். அவன் போனில் வீடியோ காட்டினான். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள், பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். பழப்பை மேஜையில் அப்படியே இருந்தது. சுகந்தி திரும்பிப் போகச் சொன்னாள்.

நடந்தது இதுதான். பிரசவமான மூன்றாம் நாள் ஸ்ரீதேவி ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். ஒன்பது வருஷமாக அவளுக்குப் பிள்ளை இல்லை. அவள் கையில் முதலில் கொடுக்க வேண்டாம் என்று சுகந்தியின் மாமியார் காதோடு சொல்லிவிட்டு வெளியே போயிருந்தார். சுகந்தி குழந்தையோடு போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குவதுபோலக் கிடந்தாள். ஸ்ரீதேவி கட்டில் பக்கத்தில் அரை மணி நேரம் நின்றாள். ஒரு தடவை கையை நீட்டிப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள். கேட்டவர்களிடமெல்லாம் அக்கா வந்து பார்க்கவே இல்லை என்று சுகந்தி சொன்னாள். கல்நெஞ்சக்காரி என்று தெரு ஸ்ரீதேவியைப் பேசியது. இந்தச் சீசனில் அருவியில் குளிக்க வந்த ஸ்ரீதேவியின் கணவர் வாயால்தான் பிரபுவுக்கு உண்மை தெரிந்தது. பிறந்தநாளுக்கு வரச்சொல்லித்தான் வியாழக்கிழமைதோறும் ஸ்ரீதேவியிடம் போனான். தெரியும் என்று பெண்டாட்டியிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அதுதான் அவன் கையில் கனத்தது.

சுகந்தியின் கையில் உலகம்மை பதினோராம் மாதத்திலிருந்தே கனத்துக்கொண்டுதான் இருந்தாள். மந்திரமூர்த்தியை உட்கார வைத்த எடையைவிட அது அதிகம். அவள் அந்த எடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல், வேலைக்குப் போனாள், பால் வாங்கினாள், மாடிப்படி ஏறினாள். அவளுடைய இடது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

பிறந்தநாளுக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலையில், பேக்கரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் குழந்தையோடு பஸ் ஏறினாள். வீரகேரளம்புதூரில் இறங்கித் தாலுகா ஆபீஸ் தெரு வரைக்கும் நடப்பதற்குள் ஐந்து இடத்தில் நின்றாள். இறக்கிவிட்டிருந்தால் உலகம்மை தானாகவே நடந்திருப்பாள். சுகந்தி இறக்கவில்லை. கடைக்குள் சாதிச் சான்றிதழுக்கு வந்த ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஸ்ரீதேவி நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தட்டச்சு செய்யத் தொடங்கினாள்.

“அக்கா, அன்னைக்கு நான் தூங்கல. முழிச்சுதான் கெடந்தேன். நீ நின்னது, கைய நீட்டுனது எல்லாம் தெரியும். அத்தை சொன்னாவன்னு போர்வைய இழுத்து மூடிக்கிட்டேன். கேட்டவங்ககிட்டல்லாம் நீ வரவே இல்லன்னு சொன்னேன்.”

சொல்லி முடித்த உடனே அவளுடைய இரண்டு கைகளும் குழந்தையோடு மேலே பறந்தன. அத்தனை நாள் அந்தக் கனத்துக்குப் பழகிய கைக்குப் பத்தரைக் கிலோ ஒன்றுமே இல்லை. ஆதார் திருத்தம் என்று எழுதித் தொங்கவிட்டிருந்த அட்டையில் உலகம்மையின் தலை இடித்தது. அவள் அழுவதா சிரிப்பதா என்று யோசித்துச் சிரித்தாள்.

“பாத்தும்மா, பாத்து,” என்றார் பெரியவர்.

ஸ்ரீதேவி அவரிடம் அப்பா பெயர் கேட்டாள், எழுத்துக்கூட்டிக் கேட்டாள், அச்செடுத்துக் கொடுத்து அனுப்பினாள். அவர் தெருமுனை தாண்டும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டபோதும் தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை.

“கேக்கு எத்தனை மணிக்கு வெட்டுதிய?”

“அஞ்சு மணிக்குக்கா.”

“அஞ்சுக்கு மழை வந்துரும். நாலுக்கு வையி.”

அன்று சாயங்காலம் சுகந்தி எல்லாவற்றையும் பிரபுவிடம் சொன்னாள். தனக்கு முன்னமே தெரியும் என்று அவனும் சொன்னான். பிறகு அவன் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கே மழை வந்துவிட்டது. ஒன்பது பேரும் வந்தார்கள். நாலு மணிக்கு ஸ்ரீதேவி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். சுகந்தி ஆஸ்பத்திரியில் நடந்ததை எல்லோர் முன்னாலும் நாலு வரியில் சொன்னாள். மாமியார் மிக்சர் தட்டைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். பிறகு சுகந்தி மகளை அக்காவின் முன்னால் நிறுத்தினாள். ஸ்ரீதேவி குனிந்து தூக்கினாள். முழங்கால் உயரத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. எல்லோரும் பார்த்தார்கள். கிங்ஸ்லி பலூனை எண்ணத் தொடங்கினார், கிருபா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“கனக்காளாக்கா?”

“கொஞ்சம்.”

“இரு, நானும் பிடிச்சுக்கிடுதேன்,” என்று சுகந்தி அடியில் ஒரு கை கொடுத்தாள். இருவரும் சேர்ந்து தூக்கி நிற்க, உலகம்மை கத்தியைப் பிடித்து, கேக்கில் தன் பெயரின் நடுவில் வெட்டினாள்.

ஸ்ரீதேவி எதை மறைத்தாள் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை. உலகம்மைக்கு இப்போது நாலு வயது, எல்.கே.ஜி. படிக்கிறாள். வேனின் படி உயரம் என்பதால் காலையில் அவளைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது. கிங்ஸ்லி ஒரு பக்கமும் கிருபா ஒரு பக்கமும் பிடித்துக்கொள்கிறார்கள். கிருபாவுக்கும் கனத்துவிடும் புதன்கிழமைகளில் மந்திரமூர்த்தியும் வந்து கை கொடுக்கிறார்.