பச்சைக் காயில் அறுத்த புல்

மேவிஸ் பல் வைத்தியரிடம் போய்விட்டு வருவதற்குள் தம்பி லெனார்ட் ஆற்றோரப் புல்வெளியை அறுத்துத் தள்ளியிருந்தான். யார்க்‌ஷர் மலைப் பள்ளத்தாக்கில் ஜூலை வெயில் தலைகாட்டினால் புல் அறுக்காமல் எந்த விவசாயிக்கும் கை சும்மா இருக்காது. ஆனால் அந்த வெளியில் அவள் மஞ்சள் கிலுகிலுப்பை விதைத்திருந்தாள். பக்கத்துப் புல்லின் வேரில் வாய்வைத்து உறிஞ்சும் திருட்டுச் செடி அது. உரம் தின்று கொழுத்த புல் இளைத்தால்தான் காட்டுப்பூக்களுக்கு இடம் கிடைக்கும். செடிக்கு ஆயுசு ஒரே வருஷம். விதை உதிராவிட்டால் வம்சமே காலி. காய்களோ இன்னும் பச்சை.

"விதை உதிர்ந்தப்புறம் அறுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?"

"மேகம் திரளுதுக்கா. உன் களைக்காக ஆடுங்க குளிர்காலத்துல பட்டினி கிடக்கணுமா?"

ஈரம் காயுமுன் சுருட்டி பிளாஸ்டிக்கில் கட்டிவிடுவது அவன் திட்டம். காய்களும் அதோடு போய்விடும். அவள் டிராக்டருக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். கடைசியில் தரையிலேயே காயட்டும் என்று இறங்கி வந்தான், ஒரு நிபந்தனையோடு: வசந்தத்தில் செடி வராவிட்டால் உரம் போட்டு வெளியைப் பழையபடி தீவனப்புல்லுக்கே விட்டுவிடுவான். வேறு வழியில்லாமல் அவளும் தலையாட்டினாள்.

பிறகு மரப்பல் வைத்த புல்வாரியைத் தூக்கிக்கொண்டு புல்லை வரிசை வரிசையாகப் புரட்டி உதறிக்கொண்டே இருந்தாள். இடுப்பு கழன்றுவிடும்போல் வலித்தது. மெத்தை தட்டுகிறாளா என்று அக்கம்பக்கத்தார் கேலி செய்தார்கள். காய்ந்த புல் கொட்டகைக்குப் போகும்வரை மழை பொறுத்துக்கொண்டது. இலையுதிர்காலத்தில் ஆடுகள் இறங்கி மேய்ந்து மண்ணை மிதித்தன.

குளிர்காலம் கழிந்தும் அவள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பயம்தான், வேறென்ன. ஏப்ரலில் ஒரு காலை, டீயை வாயில் வைக்கப்போனவள் காதில் ஆற்றுப்பக்கம் டிராக்டர் போகும் சத்தம் விழுந்தது. பின்னால் உரம் தெளிக்கும் வண்டி. அடுப்படிச் செருப்போடு ஓடினாள்.

வாயிற்படலில் நின்று பார்த்தால் வெறும் புல்தான் தெரிந்தது. உள்ளே போய் மண்டியிட்டு விலக்கினாள். பல்பல்லாய் விளிம்பு வெட்டிய குட்டி இலைகள், கிலுகிலுப்பையேதான். கொஞ்சம் தள்ளி இன்னும் நிறைய. போன கோடையில் புல் காய்ந்து கிடந்த வரிசைகளிலெல்லாம் கோடு போட்டாற்போல் முளைத்திருந்தன. பச்சைக் காய் தரையிலேயே முற்றி, அவள் உதறிய உதறலில் விதை கொட்டியிருக்கிறது. அப்பாடா என்று ஈரத்தரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

லெனார்ட் டிராக்டரை நிறுத்தி இறங்கி வந்து குனிந்து பார்த்தான். திரும்பிப் போய் அதன் சாவியைக் கழற்றி வந்து அக்காவின் மடியில் போட்டான்.

"ஆகஸ்ட்ல விதை உதிர்ற வரைக்கும் இதை நீயே வெச்சுக்க. வெயில் அடிச்சா எனக்கு என்மேலயே நம்பிக்கை இல்ல."