பஞ்சாலைக்குக் கோலாலம்பூர் காட்டிய நாள்

கோலாலம்பூர் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் பஞ்சாலை திரும்பிப் பார்த்தாள். இரண்டு காலையும் ஒன்றாகச் சேர்த்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மேலே இருந்த குவிமாடங்களைப் பார்த்துக் கோயில் என்று நினைத்துவிட்டாள்.

"இது ஸ்டேஷன்லா. இதுக்குள்ளேருந்துதானே வந்தோம்" என்றேன்.

"உள்ள இருக்கறப்ப இப்பிடித் தெரியலியே" என்று வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். நான் சிரிக்கவில்லை. எனக்கும் அதுதான் முதல் தடவை. ஆனால் கோலாலம்பூர் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று எஸ்டேட் முழுக்க அளந்துவிட்டிருந்தேன். இனி வழி கேட்பதென்றாலும் அவளுக்குத் தெரியாமல்தான் கேட்க வேண்டும்.

என் பெயர் அர்ச்சுனன். பெயரில்தான் வீரம். செரம்பானுக்குப் பக்கம் கோலா சாவா எஸ்டேட்டில் ரப்பர்ப் பால் வெட்டினவன், ஜப்பான்காரன் வந்தபிறகு மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தேன். சயாமில் ரயில் பாதை போட ஆள் ஏற்றும் லாரி வரும்போதெல்லாம் காட்டுக்குள் ஓடி ஒளிவேன். கல்யாணம் ஆகாதவர்களைத்தான் முதலில் ஏற்றுவார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. உண்மையோ பொய்யோ, அந்த மாசம் மட்டும் எங்கள் லயத்து வீடுகளில் நாலு கல்யாணம் நடந்தது. தங்கத்துக்கு எங்கே போவது? எல்லாம் வெறும் மஞ்சள் கயிறு. பஞ்சாலையின் புருஷன் மாயாண்டி முதல் லாரியில் போனவர். மூன்று மாசத்தில் வந்துவிடுவான் என்று கங்காணி சொல்லி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அவர் இருந்த முகாமில் காலரா கண்டு யாருமே மிஞ்சவில்லை என்று சேதி வந்தபிறகு, லயத்துப் பெரியவர்கள் கூடிப் பேசி அவளை எனக்குக் கேட்டார்கள். "ஒரு உசிரு போனது போதும்" என்று சம்மதித்தாளாம். அவ்வளவுதான். மறுநாள் எனக்கு முன்னால் தாலிக்குக் கழுத்தை நீட்டி உட்கார்ந்தாள்.

அது நடந்து ஒன்பது நாள். வீட்டில் சாப்பிடுங்க, தண்ணி வேணுமா என்பதற்கு மேல் அவளிடம் பேச்சில்லை. எனக்கு அவளைப் பிடித்திருந்தது. மாயாண்டி இருந்தபோதே பிடித்திருந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு தடவையாவது அவளைச் சிரிக்கவைத்துப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் என் யோசனை. ஜப்பான் ராஜா பிறந்தநாளுக்கு லீவு விட்டதும், எஸ்டேட் கணக்கர் குலசேகரம் கிராணியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பயணப் பாஸ் வாங்கினேன். யாழ்ப்பாணத்து மனிதர், கையெழுத்துப் போடும்போதே எச்சரித்தார். "அஞ்சு மணி ரயிலை மட்டும் விட்டிடாதையடா. இரவு பேர் கூப்பிடேக்கை நீ இல்லையெண்டால் என்னாலை ஒண்டும் செய்யேலாது."

ஸ்டேஷனுக்கு அடுத்த தெருவில் ஒரு காப்பிக் கடை. காப்பி என்று பெயர், சோளத்தைக் கருக்கிப் பொடித்தது. பஞ்சாலை பின்பக்கம் முகம் கழுவப் போயிருந்தாள். கடைக்காரர் ஆறுமுகம் எந்த ஊர் என்று விசாரித்தார். சொன்னேன்.

"செரம்பான் பக்கமா? அப்ப பாசாருக்குப் பின்னால கொட்டாய் ஒண்ணு இருக்கு, போயிப் பாரு. சயாம்ல வேலைக்கு ஆகாததுங்கள ரயில்ல கொண்டாந்து தள்ளிட்டுப் போயிட்டான். ஒங்க பக்கத்து ஆளுங்களும் இருக்காங்களாம். பாதிப் பேருக்குத் தம்பேரு சொல்லவே தெம்பில்ல" என்றார்.

பஞ்சாலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "என்னா சொல்றாரு?"

"ஒண்ணுமில்ல. ஆறிப்போவுது, குடி" என்றேன்.

அதற்குப் பிறகு நான் ஊர் காட்டிய லட்சணத்தை என்னவென்று சொல்வது. ஒரு இடத்தில் கால் நிற்கவில்லை. மணிக்கூண்டைக் காட்டினேன். அது டோக்கியோ நேரத்தில் பதினொன்று காட்டிக்கொண்டிருந்தது, வெயிலோ ஒன்பதரை வெயில். இரண்டு ஆறு கூடுகிற இடத்தைக் காட்டினேன், நடுவில் இருந்த பள்ளிவாசலைக் காட்டினேன், கதவு பாதி சாத்திய துணிக்கடைகளைக் காட்டினேன். காவல் நின்ற சிப்பாய்க்கு இடுப்பை வளைத்துக் கும்பிட்டோம். தெரு மாறியதும் இன்னொருவன், அவனுக்கும் கும்பிட்டோம். "மெதுவாப் போங்களேன், யாரு தொரத்துறா?" என்று கேட்டாள். எந்தத் தெருவில் திரும்பினாலும் பாசாருக்குத்தான் போய்ச் சேரும்போல இருந்தது. மூன்று தடவை அந்தப் பக்கம் போகிற பாதையிலிருந்து அவளைக் கையைப் பிடித்து இழுத்துத் திருப்பினேன். நான் அவள் கையைப் பிடித்ததே அன்றைக்குத்தான் முதல் தடவை. அதைக்கூட அனுபவிக்க முடியவில்லை. அந்தக் கொட்டாயில் மாயாண்டி எங்கே இருக்கப்போகிறார், நூறு எஸ்டேட்டிலிருந்து ஆள் போயிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருந்தால்? இருந்தால் என் வீடு காலி. அடுத்த லாரியில் என் பெயர் இருக்கும். இரண்டில் எது அதிகம் வலித்தது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

மத்தியானத்துக்கு மேல் மைதானத்து ஓரமாக மரநிழலில் உட்கார்ந்தோம். கட்டிக்கொண்டு வந்த மரவள்ளிக்கிழங்கைப் பிட்டு எனக்குப் பெரிய பாதியைத் தந்தாள். மைதானத்தில் ராஜாவுக்காகக் கூட்டத்தை நிறுத்தி உடற்பயிற்சி செய்யவைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் ஒரு சீனத் தவுக்கே, ஏதோ கடை முதலாளியாக இருக்க வேண்டும், நல்ல தொப்பை. எல்லாரும் கையைத் தூக்கும்போது குனிந்தார், குனியும்போது துள்ளினார். ஒரு துள்ளலில் கால்சட்டைக் கயிறு அவிழ்ந்துவிட்டது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையை மட்டும் ராஜாவுக்காக ஆட்டினார்.

பஞ்சாலை சிரித்துவிட்டாள். முந்தானையை வாயில் திணித்தும் அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. என் தோளில் ஒரு கணம் நெற்றியை முட்டிக்கொண்டு, "ஐயோ, நம்ம கங்காணி மாதிரியே இருக்காருங்க" என்றாள்.

காலையிலிருந்து இதற்காகத்தான் அலைந்தேன். கிடைத்தபோது திருடின பண்டத்தைத் தின்பதுபோல் இருந்தது.

"பஞ்சாலை, பாசாருக்குப் பின்னால ஒரு கொட்டாய் இருக்காம். சயாம்லேருந்து வந்தவங்கள அங்க போட்டிருக்காங்களாம். நம்ம பக்கத்து ஆளுங்களும்..."

அவள் சிரிப்பு உடனே போய்விடவில்லை. வாய் மட்டும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

"எப்பத் தெரியும்?"

"காலையில. காப்பிக் கடையில."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மீதிக் கிழங்கை இலையில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து நடந்தாள். வழி தெரியாதவள் எனக்கு முன்னால் போனாள், நான் பின்னாலிருந்து வலது இடது சொல்லிக்கொண்டு ஓடினேன். மணிக்கூண்டில் மூன்றரை.

கொட்டாய்க்குக் கதவு இல்லை. வாசலிலேயே புண் நாற்றம் முகத்தில் அடித்தது. இரண்டு பக்கமும் வரிசையாக ஆட்கள், நாற்பது பேர் இருக்கலாம். கோணிதான் பாய், கோணிதான் போர்வை. ஒருத்தருக்கும் வயசு சொல்ல முடியாது. எல்லாரும் ஒரே மாதிரி இருந்தார்கள், எலும்பின் மேல் தோல், தாடி. பஞ்சாலை நடுவில் நின்று ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். குரலில் கோபமே இல்லை.

"அந்தப் பக்கம் நீங்க பாருங்க. ஒங்களுக்கும் அவுங்க மொகம் தெரியும்ல."

அவள் அவள் வரிசையில் குனிந்தாள், நான் என் வரிசையில் குனிந்தேன். முதல் ஆள் இல்லை. இரண்டாவது ஆள் இல்லை. ஒவ்வொரு முகமும் இல்லை என்று ஆனபோது என் நெஞ்சு லேசானது, வெட்கமாகவும் இருந்தது. எதிர்ப்பக்கம் அவள் ஒவ்வொருவரிடமும் இரண்டு வார்த்தை பேசிவிட்டே நகர்ந்தாள். ஒருவர் கையில் கிழங்கை வைத்தாள்.

என் வரிசையில் எட்டாவது ஆள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கோணி காதுவரை மூடியிருந்தது. அடுத்தவரிடம் தாண்டிப் போய்விடலாம், யாருக்கும் தெரியாது. பஞ்சாலையின் முதுகு என் பக்கம் இருந்தது.

மண்டியிட்டேன். கோணியை இறக்கி அந்தத் தோளில் கை வைத்தேன். சுட்டது.

"அண்ணே" என்றேன்.

தோள் அசைந்தது. ஒரு கையைத் தரையில் ஊன்றி அவர் மெதுவாக என் பக்கம் திரும்பத் தொடங்கினார்.