மழைவில்லுக்கு ஒரு பதில்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குச் சமையலறை மேசையைச் சுற்றி மூன்று பேர் இருந்தோம். ஜன்னல் பக்கம் அக்கா, நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல். அவளுக்கு எதிரே தாளும் பேனாவுமாக நான். அவளுடையது மருத்துவமனைக் கையெழுத்து என்பதால் கடிதங்கள் என் பொறுப்பு. அடுப்போரத்து முக்காலியில் அக்காவின் அறைத்தோழி. எள்ளளவு சந்தேகத்துக்கும் அகராதியைப் புரட்டுவதால் அவளுக்குப் பெயரே அகராதி. அகராதி பிடித்தவள் என்றும் பொருள் கொள்ளலாம், இரண்டும் பொருந்தும்.

மேசையில் அக்கா மகளின் கடிதம் கிடந்தது. எட்டு வயது. அப்பாவோடு வேறு நாட்டில் இருக்கிறாள். அக்காவின் வேலை ஒப்பந்தம் முடிய இன்னும் ஒன்றரை வருடம். பள்ளியில் வேறு மொழி. போனில் 'ம்', 'சரி' தவிர எதுவும் வராது. கடிதத்தில்தான் தமிழ். போன தடவை 'மலை பெய்தது, பலம் சாப்பிட்டேன்' என்று எழுதியிருந்தாள். அக்கா அந்தக் கடிதத்திலிருந்த பதினொரு பிழைக்கும் சிவப்பு வட்டம் போட்டு அப்படியே திருப்பி அனுப்பினாள். அதன்பின் ஆறு வாரம் பேச்சுமூச்சில்லை. இப்போது வந்திருப்பது ஒரே வரி: 'அம்மா, பள்ளிக்கு மேலே மழைவில் வந்தது.'

"வானவில்லக்கூட மறந்துட்டாளே," என்றாள் அக்கா. "எழுதுடா, அது வானவில்னு."

"எழுதினா இன்னும் ஆறு வாரம் வாயை மூடிக்குவா."

"அதுக்காக அப்படியே விடறதா? நாளைக்கு என்னையும் மறந்துட்டான்னா?"

அகராதி மடியிலிருந்த தடிப் புத்தகத்தைப் புரட்டினாள். "அவ படிக்கிற மொழியில மழையோட வில்லுன்னுதான் சொல்றாங்க. அதைத் தமிழாக்கியிருக்கா. நம்மாளுங்க மட்டும் ஒரு பேர்லயா நின்னாங்க? வானவில், இந்திரவில், திருவில். ஒருத்தர் வானத்தைப் பார்த்தாங்க, ஒருத்தர் இந்திரனைப் பார்த்தாங்க. உன் பொண்ணு மழையைப் பார்த்தா. என்ன குறைஞ்சுபோச்சு?"

"உனக்கென்ன, சொல்லுவே."

"வானவில்லுன்னா வானத்தை விலைக்கு வில்லுன்னு அர்த்தம் சொன்னவன் உன் தம்பி. அவனை வீட்டுல வச்சுக்கலையா?"

"அது ரெண்டாம் கிளாஸ்ல," என்றேன்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறைக்கக் கடிதத்தை முகத்துக்கு நேரே தூக்கினாள். தூக்கியவள் இறக்கவில்லை.

"ழ," என்றாள்.

"என்னக்கா?"

"ழ சரியா போட்டிருக்கா. இங்க பாரு, அழிச்சு அழிச்சுத் தாளே தேஞ்சிருக்கு."

வாங்கிப் பார்த்தேன். அந்த ஓர் எழுத்துக்குப் பின்னால் மட்டும் வெளிச்சம் தெரிந்தது.

"பேனாவைக் குடுடா. நானே எழுதறேன்."

ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்துப் பிரித்து எழுதினாள்: 'தங்கமே, உன் மழைவில் வந்து சேர்ந்தது. இங்கே வானவில் என்போம். அகராதி அத்தை இன்னும் இரண்டு பெயர் வைத்திருக்கிறாள். உன்னுடையதும் நன்றாக இருக்கிறது. நீ பார்த்தபோது மழை விட்டிருந்ததா, தூறிக்கொண்டிருந்ததா? பக்கத்தில் யார் நின்றார்கள்? எல்லாம் எழுது. தப்பு வந்தால் வரட்டும்.'

கடைசி வரிக்குத்தான் நேரமானது. 'தப்பு' வரை எழுதிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் முகவரி எழுதினேன். அகராதி தபால்தலை ஒட்டினாள். அக்கா உறையின் வாயை ஒட்டி, உள்ளங்கையால் இரண்டு தரம் அழுத்தினாள். பிறகு யாரிடமும் கொடுக்காமல், தானே தெருமுனைப் பெட்டி வரை நடந்துபோய்ப் போட்டாள்.