நாலு மணி நேரச் சடங்கு

என் தம்பி சேரனுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அதனாலேயே வீட்டில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது என்று முடிவெடுக்கும் அதிகாரம் தனக்குத்தான் என்று ஒரு நினைப்பு. பொங்கலுக்கு வந்தவன், மாட்டுப் பொங்கலன்று காலையிலேயே லேப்டாப்பும் ஹார்ட் டிஸ்குமாகக் கூடத்தில் கடை விரித்துவிட்டான்.

சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த வீடியோ கேமராவில் அப்பா எடுத்த கேசட்டுகள் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. போன வருஷம் அவற்றைத் தஞ்சாவூரில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து, படங்களை ஹார்ட் டிஸ்கில் ஏற்றி வாங்கினான். கேசட்டுகள் குப்பைக்குப் போயின. இப்போது டிஸ்கிலும் இடமில்லையாம். எப்படி இருக்கும்? தன் பையன் இட்லி சாப்பிடுவதைத் தினமும் எடுத்துச் சேர்த்துவைத்தால்!

“பழசையெல்லாம் கம்ப்ரஸ் பண்ணி சின்னதாக்கிட்டு, பெருசை டெலிட் பண்ணிடலாம்க்கா,” என்றான்.

என்னவோ செய் என்று விட்டேன். சுருக்கிய முதல் படத்தைத் திறந்து காட்டினான். தஞ்சாவூர் ஸ்டேடியம், பள்ளிகளுக்கான எண்ணூறு மீட்டர், பத்தாவது படிக்கும்போது நான் முதலாவதாக வந்த பந்தயம். திரையில் கட்டம் கட்டமாக ஏதேதோ நிறங்கள் நகர்ந்தன. அதில் நான் எது, மற்ற பெண்கள் எது என்று எனக்கே தெரியவில்லை. இன்று ஒரத்தநாட்டில் நான் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன் என்றால் அந்த ஓட்டத்தால்தான்.

“இதுல என் மூஞ்சி எங்கடா?”

“அப்பா எடுத்தது ஒரே ஆட்டம்க்கா. அசையாம இருக்கறது நல்லா சுருங்கும், சுத்தமாவும் இருக்கும். ஓடுறது, ஆடுறதுதான் இடத்தை முழுங்கும். ரொம்ப அமுக்கினா இப்படித்தான் கலங்கிப்போகும்.”

“பெருசு எங்க?”

“இருக்கு. இப்ப டெலிட் பண்ணத்தான் போறேன்.”

“எடுடா கைய!”

நான் போட்ட சத்தத்தில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

ஆட்டமாம்! கடைசிச் சுற்றில் அப்பா கேமராவைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் என்கூடவே ஓடிவந்தார். ஆடாமல் என்ன செய்யும்? அப்பா இப்போது இல்லை. அவர் ஓடியதும் இதில் மட்டும்தான் இருக்கிறது.

“எதையுமே முழுசா வைக்க மாட்டியா நீ?”

“உன் சடங்கை வச்சிருக்கேன்க்கா. நாலு மணி நேரம். அம்மாதான் அதைத் தொடக்கூடாதுன்னுச்சு.”

“பின்ன?” என்றாள் அம்மா. “சீர் தூக்கிட்டு வந்தவங்க மூஞ்சியெல்லாம் தெரிய வேணாமா? உனக்குச் செஞ்ச விசேஷம்டி அது.”

எனக்கா செய்தார்கள்? பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் மூலையில் உட்காரவைத்து, பிறகு பட்டுப்புடவையைச் சுற்றி நாற்காலியில் ஏற்றி, ஊரைக் கூட்டிக் காட்டினார்கள். பதின்மூன்று வயது. யாராவது என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா? அதன் பிறகு எந்த விருந்தாளி வந்தாலும் டிவியில் அந்தக் கேசட்தான். நான் மானம் போய்க் கொல்லைக்கு ஓடுவேன்.

“அதுல நான் என்னடா பண்றேன்?”

சேரன் முழித்தான். “சும்மா உக்காந்திருக்க.”

“அசையாமத்தானே?”

“ஆமா.”

“அப்ப அதைச் சுருக்கு. எவ்வளவு வேணும்னாலும் சுருக்கு. ஓடுனதுல கைய வச்சே, தம்பின்னுகூடப் பார்க்க மாட்டேன்.”

அம்மா முணுமுணுத்தாள். அவன் சடங்கைச் சுருக்கப் போட்டான். சாப்பாட்டுக்குப் பிறகு முடிந்தது. சீர்த்தட்டுகள், மாமாக்களின் மீசைகள், என் குனிந்த தலை, எல்லாம் அப்படியே இருந்தன. அம்மாவாலும் குறை சொல்ல முடியவில்லை. பெருசை அழித்ததும் டிஸ்கில் வேண்டிய மட்டும் இடமும் கிடைத்தது.

“இப்ப என் ஓட்டத்தைப் போடு. பெருசு.”

பந்தயம் நடந்த அன்றைக்கு அம்மா நடவுக்குப் போயிருந்தாள். அதை அவள் பார்த்ததே இல்லை. திரையில் நான் வளைவில் இரண்டு பேரைத் தாண்டி வந்தேன். படம் குலுங்கியது. அப்பாவின் மூச்சிரைப்பும் அதன் நடுவே, “விடாத தாயி, விடாத!” என்ற கத்தலும் கேட்டன. அம்மா ஈரக் கையைத் துடைக்கவும் மறந்து நின்றாள்.

“இத ஏண்டி இத்தனை வருஷமா எனக்குக் காட்டல?”

அடக்கிவைத்த கோபமெல்லாம் பொங்கிவிட்டது. “எப்படிம்மா காட்டுறது? டிவியிலதான் உங்க சடங்கு ஓடிக்கிட்டே இருந்துச்சே!”

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

“சேரா, மறுபடி மொதல்லேருந்து போடு,” என்றாள்.