குட்டிக்காக யாரும் விழாத இடம்

மூன்றாம் மாடிக் குட்டி தினமும் சாயங்காலம் தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, நாளுக்கொரு திசையில் கிளம்புகிறாள் என்ற செய்தி கட்டடம் முழுக்கப் பரவ அதிக நேரம் பிடிக்கவில்லை. வேறு வேலை தேடுகிறாள் என்றாள் கீழ் வீட்டு அக்கா. எதிர் வீட்டுக்காரருக்கு அது ருசிக்கவில்லை. விஷயத்தில் ஓர் ஆண் இருந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். இருந்தது ஓர் ஆண் இல்லை, பல பேர். எல்லோரும் வெறுங்காலோடு மெத்தை விரித்த தரையில் நின்றார்கள், குட்டியின் கை பட்டதும் தொப்தொப்பென்று விழுந்தார்கள். அதுதான் அவளுடைய கவலையே.

குட்டி என்றதும் ஏதோ பள்ளிக்கூடப் பிள்ளை என்று நினைத்துவிட வேண்டாம். வயது முப்பத்தாறு. கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிற வேலை. நான்கு அண்ணன்களுக்குப் பின்னால் பிறந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, தலையில் ஒன்றிரண்டு நரைத்த பிறகும் விடவில்லை.

அந்த வீட்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. குட்டியோடு விளையாடுகிறவன் தோற்க வேண்டும். கேரம் என்றால், குழிவாயில் நிற்கிற சிவப்புக் காயைப் பெரியண்ணன் பக்குவமாகக் கோட்டைவிடுவார். ஓட்டப்பந்தயம் என்றால் நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் கால் சுளுக்கும். மேஜையில் முழங்கையை ஊன்றிக் கைமல்லுக்கு உட்கார்ந்தால், லிஃப்ட் ரிப்பேர் வேலையில் மோட்டாரையே தனியாக நகர்த்துகிற பெரியண்ணனின் கை, ஒரு முனகலோடு மேஜையில் சாயும். குட்டியும் தான் பெரிய பலசாலி என்று மனதார நம்பிக்கொண்டு வளர்ந்தாள். ஆட்டோக்காரரோடு சண்டை வந்தால்கூட, 'பாவம், அடிச்சா தாங்க மாட்டான்' என்று விட்டுக்கொடுத்துவிட்டு வருவாள்!

அந்த நம்பிக்கையில் மண் விழுந்தது ஒரு மதியச் சாப்பாட்டு வேளையில். கடையில் லென்ஸ் தேய்க்கப் புதிதாக வந்த பெண், ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு, விளையாட்டாகக் கையை நீட்டினாள். நீட்டினதுதான் தெரியும். குட்டியின் புறங்கை மேஜையில் கிடந்தது. அந்தப் பெண்ணின் இன்னொரு கையில் ஸ்பூன் அப்படியே இருந்தது, வாயில் மெல்லுவதும் நிற்கவில்லை.

"வழுக்கிடுச்சு. இன்னொரு தடவை."

இன்னொரு தடவையும் வழுக்கியது. அதற்கு அடுத்த தடவையும்.

வீட்டுக்கு வந்து பெரியண்ணனை மேஜையில் உட்கார வைத்தாள். வழக்கம்போல் அவர் பல்லைக் கடித்தார், முனகினார், தோற்றார். இந்தத் தடவை அவள் அவருடைய கையைப் பார்த்தாள். ஒரு நரம்புகூடப் புடைக்கவில்லை. எழுத்துப் பலகையின் கடைசி வரி தெரியாமலே தெரிகிறது என்று சொல்கிறவர்களை இருட்டறையில் தினமும் பிடிக்கிறவள் அவள். ஊரார் பொய்யெல்லாம் ஒரு நிமிஷத்தில் பிடிபடும், வீட்டுப் பொய்க்கு முப்பத்தாறு வருஷம் ஆகியிருக்கிறது.

அவள் சண்டை போடவில்லை. "அண்ணா, நான் சண்டை கத்துக்கப் போறேன்" என்றாள்.

"யாரோட?"

"யாராவது கிடைக்காமலா போவாங்க?"

அன்றிலிருந்து ஒரே பரபரப்பு. தன் பலம் எவ்வளவு என்று தெரிந்தாக வேண்டும். துளியூண்டு என்றாலும் பரவாயில்லை, அந்தத் துளி அசலாக இருக்க வேண்டும். பெரிய நகரத்தில் கற்றுக்கொடுக்கிற இடங்களுக்கா பஞ்சம்? முதல் வகுப்பு எங்கும் இலவசம். போகிற இடத்தின் முகவரியை, ஆர்வக்கோளாறில், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுப் போனாள். இந்த ஒரு புத்திசாலித்தனத்தை மட்டும் அவள் செய்யாமல் இருந்திருக்கலாம்.

முதலில் கண்ணாடிச் சுவர் வைத்த கராத்தே கூடம். வாசற்கதவு அளவுக்கு அகலமான பயிற்சியாளர், அவள் லேசாகத் தள்ளியதும் மூன்றடி பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்து, "என்னம்மா இது, இடி மாதிரி இருக்கே!" என்றார். அடுத்தது, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பாக்ஸிங் ஜிம். அவள் குத்தின குத்தில் கையுறைதான் கழன்று பறந்தது. ஆனால், எதிரே நின்றவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "அக்கா, நீங்க ஏற்கெனவே கத்துக்கிட்டவங்கதானே? மறைக்காதீங்க!"

வேறு யாராவது என்றால் உச்சி குளிர்ந்துபோயிருப்பார்கள். குட்டிக்கோ வயிறு எரிந்தது. ஊரில் உள்ள அத்தனை பேரும் தன் அண்ணன்களா என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவது இடம் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. செங்குத்தான இரும்புப் படி. மேலே ஒரே கூடம், பச்சை மெத்தைகள், ரப்பர் நெடி. நடத்துகிறவர் ஐம்பதைத் தாண்டிய அம்மாள். எல்லோரும் மாஸ்டர் என்றார்கள். ஜூடோ கற்றுக்கொடுக்கிற அவர், வந்தவளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே எப்படி விழுவது என்றுதான். மோவாயை உள்ளே இழு, கையைத் தரையில் அறை, முதுகைச் சுருட்டு. குட்டி விழுந்தாள், உருண்டாள், கை சிவக்க அறைந்தாள். விழுவதற்கே ஒரு முறை இருக்கிற இடத்தில் பொய்யாக யார் விழப்போகிறார்கள் என்று அவளுக்கு நம்பிக்கை பிறந்தது.

பிறகு ஜோடி. இரண்டு பேரும் மண்டியிட்டுச் சட்டையைப் பிடித்துக்கொண்டு, எதிராளியின் முதுகைத் தரையில் அழுத்த வேண்டும். எதிரே வந்தவள் பேக்கரிக்காரி. தினமும் மாவு மூட்டை தூக்கின தோள். குட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினாள்.

பேக்கரிக்காரி தொப்பென்று மல்லாந்தாள்.

குட்டிக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் பேக்கரிக்காரிக்கு மாவு பிசையத் தெரியுமே தவிர நடிக்கத் தெரியாது. படுத்தபடியே களுக்கென்று சிரித்துவிட்டாள்.

மாஸ்டர் வந்து தலைமாட்டில் நின்றார். "யாரைக் கேட்டு விழுந்தே?"

"போன் வந்துச்சு மாஸ்டர். நீங்க துணி மாத்திட்டிருந்தீங்க, நான்தான் எடுத்தேன். இவங்க அண்ணனாம். 'எங்க வீட்டுச் செல்லம், கொஞ்சம் விட்டுக்கொடுங்க'ன்னு அப்படிக் கெஞ்சினாரு, எனக்கு மனசு கேக்கலை."

குட்டி தன் போனில் பெரியண்ணனை அழைத்தாள். "அண்ணா, எங்கே இருக்கே?"

"வேலையில இருக்கேன்மா. இன்னும் ஒரு லிஃப்ட் பாக்கி."

போனில் டயருக்குக் காற்றடிக்கிற சத்தம் கேட்டது. ஜன்னலுக்குக் கீழேயும் அதே சத்தம். எட்டிப் பார்த்தால், கிரீஸ் படிந்த சீருடையோடு, கையில் தண்ணீர் பாட்டிலோடு, படிக்கட்டுக்கு அடியில் பெரியண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

"மேலே வா."

செருப்பைக் கழற்றி, திருட்டு முழி முழித்துக்கொண்டு வந்து நின்றார்.

"எத்தனை இடத்துக்குப் போன் பண்ணினே?"

"எல்லாத்துக்கும்தான்."

"ஏன் அண்ணா இப்படி? எனக்கு மானமே போச்சு!"

அவர் தலையைச் சொறிந்தார். "நீ பொறந்ததும் என் கையிலதான் குடுத்தாங்க. கீழே போட்டுடாதேன்னாங்க. அப்புறம், சரி இனிமே போடலாம்னு யாருமே சொல்லலையே!"

கூடமே சிரித்தது. மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. "நான் சொல்றேன். போடலாம். மண்டி போடுங்க, தங்கச்சியைப் புடிங்க."

பிடித்தார். குட்டி தொட்டாள். பழக்க தோஷம், மரம் மாதிரி சாய்ந்தார். மாஸ்டர் மூலையில் இருந்த துடைக்கிற துணியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "தானா விழுந்தவங்க மெத்தையைத் துடைக்கணும். இங்கே அதான் சட்டம்." பேக்கரிக்காரியைப் பார்த்து, "உனக்கும் பாக்கி இருக்கு. முதல்ல ஒழுங்கா ஒரு தடவை ஆடு" என்றார்.

இந்தத் தடவை பேக்கரிக்காரி சிரிக்கவில்லை. சட்டையில் விழுந்த பிடியிலேயே குட்டிக்கு வித்தியாசம் தெரிந்துவிட்டது. பிடி எந்தப் பக்கம் போனது என்று புரிவதற்குள் உலகம் ஒரு சுற்றுச் சுற்றியது. முதுகுக்குக் கீழே மெத்தை, நெஞ்சுக்கு மேலே ஒரு மாவு மூட்டை, கண்ணுக்கு நேரே கூரையின் மின்விசிறி. அசையக்கூட முடியவில்லை. பிறந்ததிலிருந்து இப்படி ஒரு சந்தோஷத்தை அவள் கண்டதில்லை.

"அடி பட்டுச்சா குட்டி!" துணியோடு ஓடி வந்த பெரியண்ணனை மாஸ்டர் ஒற்றைக் கையால் நிறுத்தினார்.

"இன்னொரு தடவை!" என்றாள் குட்டி.

விழுந்தாள். மறுபடியும் எழுந்தாள், விழுந்தாள். தலைமுடி அவிழ்ந்து, முகம் தக்காளியாகி, சட்டை தோளை விட்டு இறங்கிப்போனது. ஒரு தடவை இடுப்பை எப்படியோ வளைத்து நழுவி, மல்லாந்து விழாமல் குப்புறத் திரும்பிவிட்டாள். பேக்கரிக்காரி பிடியை மாற்றிப் பிடித்துத்தான் அவளைச் சாய்க்க வேண்டியிருந்தது.

"ஏய், இது கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு" என்றாள் பேக்கரிக்காரி, மூச்சு வாங்கிக்கொண்டு.

கராத்தே கூடத்தின் இடியும் மின்னலும் இந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் தூசு. "மாஸ்டர், நான் இங்கேயே சேர்ந்துக்கறேன்" என்றாள் குட்டி, படுத்த இடத்திலிருந்தே.

"சேரலாம். முதல்ல எழுந்திரு."

மறுபடி மண்டி, மறுபடி பிடி. துடைத்துக்கொண்டிருந்த பெரியண்ணன் துடைப்பதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார். கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார். கை முஷ்டி தானாக மூடியது.

"இடது பக்கம் குட்டி! அவ பாரமெல்லாம் வலது முட்டியில! இடது பக்கம் இழு!" என்று கூடம் அதிரக் கத்தினார்.

இழுத்தாள். பேக்கரிக்காரி நிஜமாகவே தடுமாறினாள், கையை ஊன்றிச் சமாளித்தாள், பிறகு குட்டியைப் புரட்டிப்போட்டு மேலே ஏறி உட்கார்ந்தாள்.

"இழுத்தா போதுமா? கூடவே சாய வேண்டாமா?" பெரியண்ணனுக்கு ஆற்றாமை தாங்கவில்லை. "என்ன பொண்ணு நீ, கைக்கு வந்ததை விட்டுட்டியே!"

"நீ துடை அண்ணா" என்று மூட்டைக்கு அடியிலிருந்து குட்டி கத்தினாள். "அடுத்த தடவை பாரு!"