அந்தப் பக்கம் கேட்காத மூச்சு

கேத்தரின் லேப்டாப்பைக் கட்டிலோரத்து மேசையில் வைத்து, மாமனாரின் முகம் தெரியும்படி திரையைச் சாய்த்தாள். திருச்சி புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி அறை. மதியம் மூன்று மணி. மாமனார் தைரியராஜ் இரண்டு நாளாகக் கண் திறக்கவில்லை. காலையில் பங்குச்சாமியார் வந்து நெற்றியில் எண்ணெய் பூசி நோயில்பூசுதல் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இன்றைய நாளைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

மஸ்கட்டில் இருக்கும் அவள் கணவன் ஆஸ்டினுக்கு நாளைக் காலைதான் விமானம். அவன் தங்கியிருந்த முகாமில் அன்றைக்குப் போன் ஆப் எதிலும் வீடியோ கிடைக்கவில்லை. அதனால் தன் கம்பெனியின் இணையப் பக்கத்தையே திறந்தாள். டாக்டர்கள் நோயாளிகளோடு பிரவுசரிலேயே பார்த்துப் பேசுவதற்காகத் துவாக்குடியில் அவள் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனி செய்தது அது. ஒலிப் பகுதி முழுக்க அவள் எழுதியது. "பக்கத்துல மிக்ஸி ஓடினாலும் பேச்சு மட்டும்தாங்க கேக்கும்" என்று ஆஸ்டினிடம் ஒருமுறை பெருமையடித்திருக்கிறாள்.

திரையில் ஆஸ்டின் வந்தான். அப்பாவின் முகத்தையே உற்றுப் பார்த்தான்.

"அப்பா அசையவே இல்லையே, கேத்தி."

"மூச்சு இருக்குங்க."

"ஒரு சத்தமும் வரலையே. மைக் ஆஃப்ல இருக்கா?"

"நான் பேசறது கேக்குதுல்ல?"

"நீ பேசறது கேக்குது. அப்பா மூச்சு கேக்கல."

கட்டிலின் மறுபக்கம் இருந்த ஆஸ்டினின் தங்கை பிரான்சி, உருட்டிக்கொண்டிருந்த செபமாலையை நிறுத்தினாள். "அண்ணி எழுதினதுல அண்ணி குரல் மட்டும்தான் கேக்கும் போல" என்று சிரிக்கப் பார்த்தாள். உதடு கோணியது.

ஆஸ்டின் சிரிக்கவில்லை. "உண்மையைச் சொல்லு. அப்பா இருக்காரா?"

அவன் கேட்டதில் தப்பில்லை. நான்கு வருடத்துக்கு முன் மாமியார் அற்புதம்மாள் இறந்தபோது, தூரத்தில் தனியாக இருக்கிறவனிடம் எப்படிச் சொல்வது என்று எல்லாரும் கூடிப் பேசி, "சீரியஸா இருக்காங்க, உடனே வா" என்று மட்டும் சொல்வதென முடிவானது. சொன்னது கேத்தரின்தான். "இப்பத்தான் கண்ணசந்தாங்க" என்றும் சேர்த்துக்கொண்டாள். அம்மாவிடம் என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்து வந்தவன், திருச்சி ஏர்போர்ட் வாசலில் நின்ற உறவுக்காரர்களின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் அதன்பிறகு அவள் "நல்லா இருக்கோம்" என்றால்கூட, "வீடியோவைப் போடு" என்பான்.

"சத்தியமா இருக்காங்க."

"அம்மாவுக்கும் இப்படித்தான் சொன்ன. இல்லாத மனுஷர்கிட்ட நான் என்னத்தப் பேச?"

அவள் குனிந்து மாமனாரின் முகத்தருகே காதை வைத்தாள். நீளமான, முடிவில் லேசாக விசிலடிக்கிற மூச்சு. இவ்வளவு தெளிவாகக் கேட்கிற மூச்சு அங்கே ஏன் போகவில்லை என்று நினைத்தபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

மைக்கைத் திறக்கும்போது இரைச்சலை நீக்கவா வேண்டாமா என்று பிரவுசருக்குச் சொல்ல நிரலில் ஒரு வரி உண்டு. எல்லாப் பிரவுசருக்கும் பொதுவான விதி அது. நீக்கு என்றால், பேச்சாகத் தெரியாத எதையும் அது வடிகட்டிவிடும். நீக்கு என்று எழுதியவள் அவள்தான். மின்விசிறிச் சத்தத்தோடு சேர்த்து மாமாவின் மூச்சையும் அது துடைத்துக்கொண்டிருந்தது.

"என்னங்க, ரெண்டு நிமிஷம். கட் பண்ணிடாதீங்க. நான்தான் அதை அடைச்சு வச்சிருக்கேன்."

நிரலைத் திறந்து அந்த வரியைத் தேடி மாற்றினாள். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அடித்தாள். பக்கத்தை மறுபடி திறந்தபோது மைக்குக்கு அனுமதி கேட்டது. கொடுத்துவிட்டு லேப்டாப்பைத் தலையணைக்குப் பக்கத்தில் நகர்த்தினாள்.

ஆஸ்டின் முகத்தைச் சுளித்தான். மின்விசிறியின் கடகடப்பும் வராந்தாவில் போகும் தள்ளுவண்டியின் சத்தமும் அவனுக்கு ஒன்றாகப் போயிருக்க வேண்டும். பிறகு சுளிப்பு மெல்லக் கலைந்தது. கண்ணை மூடிக்கொண்டான்.

"அப்பாதான்" என்றான். "ஷிஃப்ட் முடிச்சு வந்து படுத்தா இப்படித்தான் விசிலடிப்பாரு. நானும் பிரான்சியும் போர்வைக்குள்ள சிரிப்போம்."

பிரான்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பா, ஆஸ்டின் பேசறேன்" என்று அவன் தொடங்கினான். திருவெறும்பூர் தொழிற்சாலை வாசலில் சைக்கிள் பாரில் உட்கார்ந்து அப்பாவுக்காகக் காத்திருந்தது, சொல்லாமல் வேலையை விட்டுவிட்டுப் பயந்தது, அம்மாவிடம் பேசாமல் போனது என்று முன்னும் பின்னுமாகப் பேசினான். நடுநடுவே நிறுத்தி மூச்சைக் கேட்டுக்கொண்டான்.

ஐந்தரை மணி சுமாருக்கு மூச்சின் இடைவெளி நீண்டது. பிரான்சி ஓடிப்போய் நர்ஸை அழைத்து வந்தாள். நர்ஸ் நாடி பார்த்துவிட்டுக் கையை மெதுவாக விட்டாள்.

"கேத்தி," ஆஸ்டினின் குரல் மெல்ல வந்தது. "ஃபேன் சத்தம் மட்டும்தான் வருது."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் திரைக்கு நேராக வந்து நின்றாள்.

"ஆமாங்க. மாமா போயிட்டாங்க. இப்பத்தான்."

அவன் தலையை ஆட்டினான். "மைக்கை மூடிடாதே. கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்" என்றான்.

பிரான்சி மரித்தோருக்கான செபத்தைத் தொடங்கினாள். அவள் குரலும் மின்விசிறியின் சத்தமும் சேர்ந்து ஆஸ்டினிடம் போய்க்கொண்டிருந்தன. அடுத்த வரியை அங்கிருந்து அவன் சொன்னான்.